சியெலோ சவுத் ஆப்பிரிக்கா: பாக்க பழசு, உள்ள சரக்கு ஏராளம்

தென்னாப்பிரிக்கா பக்கத்து ஆராய்ச்சி எல்லாம் எங்க படிக்கறதுன்னு யார் கேட்டாலும் நான் கை காட்டற முதல் எடம் சியெலோ சவுத் ஆப்பிரிக்காங்கற, அந்த நாட்டு ஆராய்ச்சி ஜர்னல்களைத் திறந்து போடற வெப்சைட்தான். காசு கேக்காது, லாகின் கேக்காது, ஈமெயில் ஐடி கொடு அப்பதான் திறப்பேன்னு வம்பு பண்ணாது, பேப்பர் மேல க்ளிக் பண்ணா பேப்பர் வரும், அவ்ளோதான். ஆனா முதல் தடவை போறவங்கள்ல பாதி பேர் அந்த முகப்பைப் பாத்ததுமே ஓடிடறாங்க. அதுக்காகத்தான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதறேன், ஏன்னா ஓடற அளவுக்கு மோசமான எடம் இல்ல அது, எப்படி நுழையணும்னு தெரிஞ்சா போதும்.

மொதல்ல இது யாரோடதுன்னு சொல்லிடறேன். சியெலோங்கறது பிரேசில்ல ஆரம்பிச்சது, 1998-ல இருந்து ஓடுது. பெரிய பெரிய பப்ளிஷர் கம்பெனிகளை நம்பி இருக்காம, எங்க நாட்டு ஜர்னலை நாங்களே எல்லாரும் படிக்கற மாதிரி திறந்து போடறோம்னு லத்தீன் அமெரிக்கா பக்கம் கட்டின நெட்வொர்க். 2009-ல தென்னாப்பிரிக்காவும் அதுல சேந்துச்சு. அங்க இதை நடத்தறது பிரிட்டோரியாவுல இருக்கற தென்னாப்பிரிக்க அறிவியல் அகாடமி, சுருக்கமா அசாஃப், 1996-ல நெல்சன் மண்டேலா புரவலரா இருந்து தொடங்கி வெச்சது. பணம் அரசாங்கத்தோட அறிவியல் துறை கொடுக்குது. இதை ஏன் சொல்றேன்னா ஒரு ஜர்னல் இதுக்குள்ள வரணும்னா யாரோ காசு கட்டி வர முடியாது, அசாஃப் துறைவாரியா ஒரு குழு போட்டு அந்த ஜர்னலையே ஆராயும், எடிட்டர் யாரு, வர்ற கட்டுரையை மத்த நிபுணர்கள் சரிபாக்கற ரிவ்யூ ஒழுங்கா நடக்குதா, ஒரே காலேஜ் ஆளுங்களே சுத்தி சுத்தி எழுதிக்கறாங்களான்னு எல்லாம் பாத்து அப்புறம்தான் உள்ள விடுவாங்க. அந்த வடிகட்டல் ஒண்ணுக்காகவே இந்த சைட்டுக்கு பாதி மார்க் கொடுக்கலாம், மீதி பாதிக்கு கீழ படிங்க.

சரி, உள்ள போவோம். முகப்பு பழைய காலத்து சைட் மாதிரிதான் இருக்கும், டிசைன்னு பெருசா எதுவும் இல்ல. ஜர்னல்களை அகர வரிசையில பாக்க ஒரு லிங்க், துறைவாரியா பாக்க ஒரு லிங்க், தேட ஒரு ஃபார்ம். அந்த ஃபார்ம்தான் எல்லாரும் தடுக்கி விழற எடம். கூகுள்ல டைப் பண்ற மாதிரி ஒரு முழு கேள்வியை அதுல போட்டா ஒண்ணும் வராது, இல்ல சம்பந்தமே இல்லாத பத்து வரும். அது நூலக கேட்டலாக் மனசுல செஞ்ச ஃபார்ம். எந்த ஃபீல்டுல தேடணும், எந்த சொல்லுன்னு தனித்தனியா கேக்கும், பக்கத்துல இன்டெக்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா அந்த டேட்டாபேஸ்ல என்னென்ன சொல் இருக்குன்னு வரிசையா காட்டும், அதுல இருந்து எடுத்துப் போட்டா ஒழுங்கா வேலை செய்யும். யாருக்கு அவ்ளோ பொறுமை இருக்கு? எனக்கு இல்ல. நான் கூகுள் ஸ்காலர்ல தேடிட்டு, கிடைச்ச பேப்பரோட சியெலோ லிங்க்கைப் பிடிச்சு உள்ள வருவேன், இல்லன்னா தேடலையே விட்டுட்டு நேரா ஜர்னல் பக்கம் போய் இதழ் இதழா பொருளடக்கத்தை மேயறதுதான்.

மேயறதுன்னு சொன்னது விளையாட்டுக்கு இல்ல, இந்த சைட்டோட மொத்த மதிப்பும் அதுலதான் இருக்கு. ஏன்னு சொல்றேன். தெற்கு ஆப்பிரிக்காவுல நடந்து உலகம் பூரா பேசின ஆராய்ச்சி எல்லாம் யோசிச்சுப் பாருங்க. க்வாசுலு நட்டால்ல துகேலா ஃபெரிங்கற ஊர் ஆஸ்பத்திரியில கிட்டத்தட்ட எந்த மருந்துக்கும் மசியாத டிபி வந்து 53 பேர்ல 52 பேர் செத்துப்போனது, அது 2006-ல லான்செட்ல வந்துச்சு. அதே மாகாணத்துல காப்ரிசாங்கற எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காரங்க டெனோஃபோவிர்ங்கற எச்ஐவி மருந்து ஜெல் வெச்சு பெண்களுக்கு எச்ஐவி தொத்தறது 39 சதவீதம் குறைஞ்சதுன்னு காட்டினது, அது 2010-ல சயின்ஸ்ல. 1924-ல கெடச்ச டவுங் குழந்தையோட மண்டையோடு, அதாவது மனுஷனோட ஆதி மூதாதை இனத்துப் புதைபடிவம், அது 1925-ல நேச்சர்ல. அதாவது தலைப்புச் செய்தி ஆகற பேப்பர் எல்லாம் விமானம் ஏறி வெளிநாட்டு ஜர்னலுக்குப் போயிடும். இங்க அதெல்லாம் தேடினா கெடைக்காது. அந்த செய்தி அடங்கினதுக்கு அப்புறம், டிபி மாத்திரையை தினமும் கொடுக்கற நர்ஸுக்கு அந்த வார்டுல என்ன பயம், மாத்திரையை நடுவுல நிறுத்தினவங்க எதுக்கு நிறுத்தினாங்க, கிளினிக்குக்கு வர டாக்சி காசு இல்லையா, வேலைக்கு லீவு கெடைக்கலையா, புருஷனுக்கு தெரியக்கூடாதா, இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு லான்செட்ல எடம் கெடைக்கறது கஷ்டம். அது க்யூரேஷனிஸ் மாதிரி நர்சிங் ஜர்னல்ல வரும், அதை நீங்க மேயும்போதுதான் கண்ணுல படும், ஏன்னா அந்த தலைப்பை நீங்க தேடவே தோணியிருக்காது.

எனக்கு பிடிச்ச பகுதி ஹெல்த்துதான், அதனால அதைப் பத்தி கொஞ்சம் அதிகமா சொல்லிக்கறேன். அங்க ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் ஆகணும்னா 2011-ல இருந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை கட்டாயம்னு மருத்துவக் கவுன்சில் சொல்லிடுச்சு. அதோட விளைவு என்னன்னா வருஷாவருஷம் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சியில இருக்கற ஒரு பட்டாளம் ரெஜிஸ்ட்ரார் டாக்டர்கள் தங்களோட சொந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமுக்குள்ள போய் பழைய ஃபைல்களைத் தூசி தட்டி எண்ணிப் பாக்கறாங்க. மண்ணெண்ணெய் அடுப்பு வெடிச்சு தீக்காயம், கூல்டிரிங் பாட்டில்ல ஊத்தி வெச்ச மண்ணெண்ணெயை தண்ணின்னு நெனச்சு குடிச்ச குழந்தைங்க, பாம்புக்கடி, வெள்ளிக்கிழமை ராத்திரி வர்ற கத்திக்குத்து, எல்லாம் எஸ்ஏஎம்ஜேங்கற சவுத் ஆப்பிரிக்கன் மெடிக்கல் ஜர்னல், சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் சர்ஜரி, சைல்ட் ஹெல்த் ஜர்னல்னு இதுகள்ல கொட்டிக் கெடக்கு. சோவேட்டோவுல இருக்கற கிறிஸ் ஹானி பாரக்வனாத் ஆஸ்பத்திரிக்கு மட்டும் மூவாயிரத்துக்கு மேல படுக்கை இருக்கு, அந்த மாதிரி எடத்துல ஒரு வருஷ ஃபைலை எண்ணினாலே அது ஒரு சின்ன நாட்டோட புள்ளிவிவரம் மாதிரி ஆயிடும்.

இந்த வகை பேப்பர் படிக்க ஒரு வழி இருக்கு. சுருக்கத்தைப் படிச்சுட்டு நேரா லிமிடேஷன்ஸ் பத்திக்குப் போங்க. ஒரே ஆஸ்பத்திரி, பின்னோக்கிப் பாத்த ஆய்வு, இத்தனை ஃபைல் காணோம், இன்னும் இத்தனை ஃபைல்ல வயசே எழுதல, எச்ஐவி டெஸ்ட் செஞ்சதா இல்லையான்னு குறிப்பு இல்ல, இப்படி எழுதியிருப்பாங்க. காணாமப் போன ஃபைல் எத்தனைன்னு நேர்மையா எண்ணிச் சொல்ற பேப்பரை நான் நம்புவேன். அந்தப் பத்தியே இல்லாம எல்லாம் கச்சிதமா இருக்கற பேப்பர் வந்தா கொஞ்சம் தள்ளி உக்காந்துதான் படிப்பேன். அதே சமயம் இதை வெச்சுக்கிட்டு நாட்டுக்கே பொதுவா ஒரு முடிவு சொல்லிடாதீங்க, மாகாண அரசு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களும் மெடிக்கல் எய்ட்னு சொல்ற மருத்துவக் காப்பீடு வெச்சுக்கிட்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு போறவங்களும் ரெண்டு தனி உலகம், ஒண்ணோட கணக்கு இன்னொண்ணுக்கு ஆகாது.

எச்ஐவி பக்கம் வேலை செய்யறவங்களுக்கு சதர்ன் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் எச்ஐவி மெடிசின் ஒண்ணு போதும். அங்கத்து எச்ஐவி கிளினீஷியன்ஸ் சொசைட்டியோட சிகிச்சை வழிகாட்டிகள் முழுசா அதுலதான் வரும், எந்த மாத்திரை முதல்ல, சிறுநீரகம் கெட்டிருந்தா என்ன, டிபி மருந்து கூட சேந்து போனா டோஸ் எப்படி மாறும்னு அட்டவணையோட. 2019-ல இருந்து டொலுடெக்ராவிர் சேந்த கூட்டு மாத்திரைக்கு நாடே மாறினப்போ என்னென்ன குழப்பம் வந்துச்சு, உடம்பு எடை கூடற பிரச்சினை, மருந்துக்கு வைரஸ் மசியாமப் போற பிரச்சினை எல்லாம் அங்கத்து டாக்டர்களே எழுதினதைப் படிக்கலாம், அதுவும் ஓசியில.

எஸ்ஏஎம்ஜே பத்தி ஒரு குறிப்பு. 1884-ல ஆரம்பிச்ச ஜர்னல் அது. கிறிஸ்டியான் பர்னார்ட் 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப்டவுன் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில முதல் இதய மாற்று செஞ்சாரே, அந்த ரிப்போர்ட் அதே மாசக் கடைசி இதழ்ல இதுலதான் வந்துச்சு. மேல நான் சொன்ன விமானம் ஏறற வழக்கத்துக்கு ஒரு அழகான விதிவிலக்கு. ஆனா அதைப் படிக்கலாம்னு சியெலோவுக்கு ஓடாதீங்க, இங்க பெரும்பாலான ஜர்னலுக்கு 2009-ஐ ஒட்டின வருஷங்கள்ல இருந்துதான் இதழ் இருக்கும், பழசுக்கெல்லாம் வேற எடம் பாக்கணும். வரலாறு எழுதறவங்களுக்கு இது பெரிய குறைதான்.

அறிவியல் பக்கம் வந்தா மூணு ஜர்னலை மட்டும் சொல்றேன். வாட்டர் எஸ்ஏ, வாட்டர் ரிசர்ச் கமிஷன் 1975-ல இருந்து கொண்டு வர்றது. 2018-ல கேப்டவுன்ல டே ஸீரோ, அதாவது ஊர்க் குழாயையே மூடற நாள், வரப்போகுதுன்னு உலகமே பேசிச்சே, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்னு பிப்ரவரியில நகராட்சி கட்டுப்பாடு போட்டுச்சே, அதைப் பத்தி பத்திரிகையில வந்தது எல்லாம் பயமுறுத்தல். இதுல படிச்சா தீவாட்டர்ஸ்க்லூஃப் அணைக்கு வர்ற தண்ணி கணக்கு, குழாய்க் கசிவு, நிலத்தடி நீர், மண்ணுக்கு அந்நியமான மரங்கள் எவ்ளோ தண்ணி குடிக்குதுங்கற விவகாரம்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ரெண்டாவது சதர்ன் ஆப்பிரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மைனிங் அண்ட் மெட்டலர்ஜியோட ஜர்னல், 1894-ல தொடங்கின சங்கம். இது எனக்கு சம்பந்தமே இல்லாத துறை, இருந்தும் அடிக்கடி போய் மேய்வேன். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து தங்கச் சுரங்கம் சிலது பூமிக்குள்ள நாலு கிலோமீட்டர் கிட்ட போகுது, அந்த ஆழத்துல பாறையோட சூடே 60 டிகிரியைத் தாண்டும், மேல இருந்து ஐஸைக் கூழா பம்ப் பண்ணி கீழ அனுப்பித்தான் ஆளுங்களை வேலை செய்ய வைக்க முடியும். அந்தக் குளிர்சாதனத்துக்கு எவ்ளோ கரண்ட், அங்கத்து அரசு மின்சாரக் கம்பெனி எஸ்காம் லோட்ஷெட்டிங்னு கரண்ட்டை வெட்டினா எதை நிறுத்தறது, பாறை வெடிச்சு சிதறறதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு, எழுதற ஆளுங்களே அந்தக் குழிக்குள்ள எறங்கற எஞ்சினியருங்க, அது நடையிலயே தெரியும். பாதி சமன்பாடு எனக்கு புரியாது, பரவால்ல.

மூணாவது சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ், அசாஃபோட சொந்த ஜர்னல். எல்லாத் துறையும் வரும், ஆனா நான் படிக்கறது முன்பக்கத்துல வர்ற கமெண்டரிகளுக்காக. அறிவியலுக்குள்ள இருக்கற அரசியலை அவங்க ஒளிச்சு வைக்கறது இல்ல. 2020-ல கறுப்பின மாணவர்கள் உயிரியல் படிப்பை ஏன் கம்மியா எடுக்கறாங்கன்னு ஒரு கமெண்டரி வந்து பெரிய கலவரமே ஆச்சு, மாதிரி எடுத்த விதமே தப்பு, கேட்ட கேள்வியே தப்புன்னு நாலா பக்கமும் கெளம்பிட்டாங்க. ஜர்னல் என்ன செஞ்சுதுன்னா பதில் எல்லாத்தையும் சேத்து தனியா ஒரு சிறப்பிதழே போட்டுச்சு, மூல ஆசிரியரோட மறுப்பும் சேத்து. ரெண்டு பக்கத்தையும் வரிசையா வெச்சுப் படிச்சா சாம்பிளிங்னா என்னன்னு எந்த பாடப்புத்தகத்தை விடவும் நல்லா புரியும், ஆராய்ச்சி முறை பாடம் எடுக்கறவங்க இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போகலாம். டவுங் குழந்தைக்கு நூறு வருஷம் ஆனதுக்கு 2025-ல போட்ட சிறப்பிதழும் அதே மாதிரிதான், கொண்டாட்டத்தோட நிக்காம, அந்தக் காலத்துல யார் பேர் வெளிய வந்துச்சு, யார் பேர் வரலங்கற கேள்வியையும் எடுத்துப் பேசிச்சு.

மேனேஜ்மென்ட் பகுதிக்கு வருவோம். இங்க கொஞ்சம் மனசைத் தேத்திக்கணும். எஸ்ஏ ஜர்னல் ஆஃப் ஹியூமன் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், இண்டஸ்ட்ரியல் சைக்காலஜி ஜர்னல் இந்த ரெண்டுலயும் சுருக்கமே தனித்தனி கட்டமா இருக்கும், ஓரியன்டேஷன், நோக்கம், எதுக்கு செஞ்சோம், முறை, முக்கிய முடிவு, மேனேஜருக்கு என்ன பயன், புதுசா என்ன சேத்தோம்னு. வேகமா பொறுக்கறதுக்கு அருமையான அமைப்பு, ரெண்டு நிமிஷத்துல வேணுமா வேணாமான்னு தெரிஞ்சுடும். ஆனா பத்து பேப்பர் அடுத்தடுத்து படிச்சீங்கன்னா ஒரே பேப்பரை பத்து தடவை படிச்ச மாதிரி இருக்கும். ஒரு கம்பெனி இல்ல ஒரு அரசுத் துறையில கேள்வித்தாள் கொடுத்திருப்பாங்க, கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு சொல்ற கிரான்பாக் ஆல்ஃபா இவ்ளோன்னு போட்டிருப்பாங்க, அம்பு அம்பா ஒரு படம் வரைஞ்சிருப்பாங்க, கடைசியில நல்ல தலைமை இருந்தா ஊழியர்களுக்கு வேலையில ஈடுபாடு வரும்னு முடிச்சிருப்பாங்க. இதுக்கு ஒரு சர்வே தேவையா சாமி. கேள்வியை நிரப்பினவங்க யாரு, எந்த மாகாணம், எந்த சம்பள மட்டம்னு பாத்தா ஒரு அட்டவணையோட கதை முடிஞ்சிருக்கும். அந்த நாட்டுல நிறம், மொழி, யூனியன் எல்லாம் ஒவ்வொரு ஆபீஸ் அறைக்குள்ளயும் இருக்கற விஷயம், அதைத் தொடாம வேலை ஈடுபாடு பத்தி பேசறது எனக்கு உப்பில்லாம இருக்கு.

விதிவிலக்கு உண்டு. கார்ப்பரேட் கவர்னன்ஸ், அதாவது கம்பெனியை ஒழுங்கா நிர்வகிக்கற முறை, அந்தப் பக்கம் எழுதறவங்க நல்லா எழுதறாங்க, அதுக்குக் காரணம் அந்த நாட்டுக்கே ஒரு சொந்த மரபு இருக்கு. மெர்வின் கிங்ங்கற முன்னாள் நீதிபதி தலைமையில 1994-ல வந்த முதல் கிங் ரிப்போர்ட், அப்புறம் ஒவ்வொண்ணா வந்து 2016-ல கிங் ஃபோர், நடுவுல 2010-ல ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தை கம்பெனிகளை லாபக் கணக்கோட சமூகம், சுற்றுச்சூழல் விவரமும் சேத்து ஒருங்கிணைந்த அறிக்கை கொடுக்கச் சொன்னது, இதெல்லாம் உலகத்துக்கே அவங்க முன்னாடி போய் செஞ்சது. அதனால அந்தத் தலைப்புல அவங்க எழுதற பேப்பர் வெளிநாட்டு தியரியை எடுத்து ஒட்டின மாதிரி இருக்காது. அதே மாதிரி ஸ்டாக்வெல்னு அங்க சொல்ற சீட்டுக் குழுக்கள், நிறவெறிக் காலத்துல கறுப்பின மக்களுக்குன்னு ஒதுக்கின டவுன்ஷிப்ல வீட்டோட ஒட்டி நடத்தற ஸ்பாஸா கடைகள் பத்தி வர்றதையும் தேடிப் படிங்க, எஸ்ஏஜெம்ஸ்னு சொல்ற பொருளாதார, மேனேஜ்மென்ட் ஜர்னல்ல அப்பப்போ வரும்.

ஏன் இவ்ளோ பேப்பர் எழுதித் தள்றாங்கன்னு உங்களுக்கு தோணலாம். அங்க உயர்கல்வித் துறை அங்கீகரிச்ச ஜர்னல் பட்டியல்ல இருக்கற ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்தா அந்த யூனிவர்சிட்டிக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கும், ஒரு முழு யூனிட்டுக்கு, அதாவது ஒரு முழுப் பேப்பருக்கு, லட்சம் ராண்டுக்கு மேல. பேப்பர்ல ரெண்டு யூனிவர்சிட்டி ஆளுங்க இருந்தா யூனிட்டைப் பிரிச்சுக்கணும். சியெலோ சவுத் ஆப்பிரிக்கா பட்டியலும் அந்த அங்கீகாரத்துல அடக்கம், அதனாலதான் இதுக்குள்ள நுழைய ஜர்னல்கள் அடிச்சுக்குது. காசு இருக்கற எடத்துல ஈயும் வரும் இல்லையா. 2017-ல ஜோஹன் மூட்டனும் ஆஸ்ட்ரிட் வேலன்டைனும் அதே சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ்ல ஒரு கணக்கு போட்டாங்க, 2005-ல இருந்து 2014 வரைக்கும் போலின்னு சந்தேகப்படற ஜர்னல்கள்ல தென்னாப்பிரிக்க ஆளுங்க பேர்ல நாலாயிரத்துக்கு மேல பேப்பர் வந்திருக்குன்னு. சொந்த வீட்டு அழுக்கை சொந்த அகாடமி ஜர்னல்லயே துவைச்சுக் காயப்போடற தைரியம் எனக்கு பிடிச்சிருக்கு. எனக்கும் வாராவாரம் மெயில் வரும், மதிப்பிற்குரிய பேராசிரியரேன்னு ஆரம்பிச்சு, மூணே நாள்ல ரிவ்யூ முடிச்சுத் தர்றோம்னு, பேர்ல ஆப்பிரிக்கான்னு இருக்கும், ஆபீஸ் எங்கன்னு தேடினா எங்கயோ ஒரு தபால் பெட்டி. நான் பேராசிரியரே இல்ல. அந்த மாதிரி மெயில் வந்தா முதல்ல சியெலோ அகர வரிசையில அந்தப் பேரு இருக்கான்னு பாப்பேன், இல்லன்னா உடனே போலின்னு அர்த்தம் இல்லதான், ஆனா இருந்தா பயம் இல்ல.

பேப்பர் பக்கத்தைப் பத்தி சொல்ல மறந்துடக்கூடாது. கட்டுரை முழுசா எச்டிஎம்எல்லயே இருக்கும், பிடிஎஃப் தனியா எறக்கலாம். வலது பக்கம் ஒரு பெட்டி, அதுல எக்ஸ்எம்எல்லா எடுக்க ஒரு லிங்க், சைட்டேஷன் எப்படிப் போடறதுன்னு ஒரு லிங்க், தானியங்கி மொழிபெயர்ப்புக்கு ஒண்ணு, இதே மாதிரி பேப்பர் தேட ஒண்ணு. எக்ஸ்எம்எல்தான் தங்கம், நூத்துக்கணக்கான பேப்பரோட விவரத்தை ஒட்டுமொத்தமா எடுத்து கணக்கு போடறவங்களுக்கு. கட்டுரை அடியில லைசென்ஸ் எழுதியிருக்கும், பெரும்பாலும் க்ரியேட்டிவ் காமன்ஸ், பேரைச் சொல்லி எடுத்து உபயோகிக்கலாம், ஆனா ஜர்னலுக்கு ஜர்னல் கொஞ்சம் மாறும், படத்தை எடுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க. நெட் மெதுவா இருந்தாலும் திறக்கும், ஏன்னா பக்கத்துல பாரமா எதுவும் இல்ல. அந்தப் பழைய டிசைனுக்கு இதுவும் ஒரு நல்ல பக்கம்.

எரிச்சல் எங்கன்னா, துறை வரிசையைத் திறந்தா அறிவியல்னு நெனச்சுப் போறவங்களுக்கு இறையியல் ஜர்னல் வரிசையா நிக்கும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறுன்னு எண்ணிக்கிட்டே போகலாம். அந்த நாட்டு யூனிவர்சிட்டி வரலாறு அப்படி, குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா ஸ்க்ரோல் பண்ணி பண்ணி விரல் வலிக்கும். சில ஜர்னல் முழுக்க அங்கத்து ஆஃப்ரிகான்ஸ் மொழியில இருக்கும், டைட்ஸ்க்ரிஃப்னு ஆரம்பிக்கற பேரைப் பாத்து பயந்துடாதீங்க, டைட்ஸ்க்ரிஃப் விர் கீஸ்டஸ்வெட்டன்ஸ்காப்பேல எல்லாம் இங்கிலீஷ் சுருக்கம் ரெண்டு மூணு பக்கத்துக்கு நீளமா இருக்கும், அதை வெச்சே விஷயத்தைப் பிடிச்சுடலாம்.

பெரிய குறை வேற. பேரு சவுத் ஆப்பிரிக்கா, அதனால இருக்கறதும் அந்த நாட்டு ஜர்னல்தான். மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா ஆளுங்க இதுல எழுதுவாங்க, ஆனா அவங்க சொந்த ஜர்னல் இதுல இருக்காது. 2021 நவம்பர்ல ஓமிக்ரானை முதல்ல கண்டுபிடிச்சது போட்ஸ்வானா லேபும் தென்னாப்பிரிக்கா லேபும்தான், அங்கயும் நல்ல அறிவியல் நடக்குது, அதோட உள்ளூர் பக்கத்தைப் படிக்க ஏஜோலுக்குத்தான் போகணும், ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன். 1998-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சு 2005-ல தென்னாப்பிரிக்காவுக்கு வந்துச்சு, கிரஹாம்ஸ்டவுன்னு முன்னாடி சொன்ன மகாண்டா ஊர்ல இருந்து நடக்குது. ஐநூறுக்கு மேல ஜர்னல், முப்பதுக்கு மேல நாடு. மலாவி மெடிக்கல் ஜர்னல் அங்க இருக்கு, அதுவும் ஓசி. ஆனா ஏஜோல்ல எல்லாமே ஓசி இல்ல, சில ஜர்னலுக்கு காசு கட்டணும், பூட்டு அடையாளம் பாத்துக்கோங்க. தரமும் ஜர்னலுக்கு ஜர்னல் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். அவங்களே நட்சத்திரம் போட்டு ஜர்னலைத் தரம் பிரிச்சிருக்காங்க, ஆனா அந்த நட்சத்திரம் ஜர்னல் நடத்தற முறைக்குத்தான், உள்ள இருக்கற பேப்பர் சரியா தப்பான்னு சொல்றதுக்கு இல்ல, அந்த வித்தியாசம் தெரியாம ஒரு நட்சத்திரத்தைப் பாத்து ஒரு நல்ல பேப்பரைத் தள்ளிடாதீங்க.

ஆய்வேடு வேணும்னா ரெண்டுமே உதவாது, யூனிவர்சிட்டி ரெப்பாசிட்டரிக்கு நேரா போங்க. பிரிட்டோரியாவுக்கு யூபிஸ்பேஸ், கேப்டவுனுக்கு ஓபன்யூசிடி, ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கற விட்வாட்டர்ஸ்ராண்ட், சுருக்கமா விட்ஸ், அதுக்கு வயர்டுஸ்பேஸ். ஜர்னல் பேப்பர்ல மூணு வரியில முடிச்ச முறையியல், ஆய்வேட்டுல முப்பது பக்கம் இருக்கும், கேள்வித்தாளும் கடைசியில அப்படியே இணைச்சிருப்பாங்க, நானெல்லாம் அதுக்குத்தான் போறது.

கடைசியா, இதுல பேப்பர் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு. சியெலோவுக்கு நேரா அனுப்ப முடியாது, அது ஜர்னல் இல்ல, ஜர்னல்களோட வீடு. ஜர்னலைப் பிடிச்சு அங்கதான் அனுப்பணும், ஒவ்வொண்ணுக்கும் விதி தனி. சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ் எழுதறவங்க கிட்ட காசு வாங்கறது இல்ல. ஏஓசிஸ்னு ஒரு பப்ளிஷர் நடத்தற ஜர்னல்கள்ல கட்டணம் உண்டு, மேல சொன்ன ஹியூமன் ரிசோர்ஸ் ஜர்னல், எச்ஐவி ஜர்னல், க்யூரேஷனிஸ் எல்லாம் அதுல அடக்கம். அங்கத்து யூனிவர்சிட்டியில இருக்கறவங்களுக்கு மானியம் வர்றதால யூனிவர்சிட்டியே கட்டிடும், வெளிய இருந்து அனுப்பறவங்க தன் கைக்காசுன்னு நெனச்சுக்கிட்டு கட்டணப் பக்கத்தை முதல்லயே திறந்து பாருங்க. அப்புறம் அந்த நாட்டோடயோ பக்கத்து நாடுகளோடயோ சம்பந்தம் இல்லாத டேட்டாவை அனுப்பினா எடிட்டர் மேசையிலயே திரும்பி வந்துடும், அவங்களுக்கு வேணும்கறது லிம்போபோவுல, ஈஸ்டர்ன் கேப்ல, பக்கத்து நாடான லெசோத்தோவோட மசேருவுல என்ன நடக்குதுங்கறதுதான்.